குளியலறைக்கு வெளியே ஒரு குரல்

ரொம்ப நாளைக்கு அப்புறம் எழுதுகிறேன். இன்டர்னல்ஸ், ரெக்கார்டு நோட்டு, மினி ப்ராஜெக்ட்... இதெல்லாம் வழக்கமான சாக்கு, விடுங்கள். உண்மையான காரணம், இதை எழுத எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. முக்கால்வாசி ஒரு அமெரிக்க நடிகை பாட வந்த கதைதான். பாட்டில் ஆர்வம் இல்லாதவர்களும் கடைசிவரை வந்துவிடுங்கள். கடைசியில் நான் ஒருத்தனிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது.

'எல்ஃப்' என்று 2003-ல் ஒரு கிறிஸ்துமஸ் படம் வந்தது. வில் ஃபெரல் பச்சை டிரஸ் போட்டுக்கொண்டு நியூயார்க் முழுக்க அலப்பறை பண்ணுவாரே, அந்தப் படம். அதில் ஒரு காட்சி. கதாநாயகி வேலை பார்க்கும் கடையின் குளியலறையில் தனியாகக் குளித்துக்கொண்டே ஒரு பழைய பாட்டைப் பாடுவாள். யாரும் கேட்கவில்லை என்ற நம்பிக்கையில் வரும் குரல் அது. அலட்டல் இல்லை, சங்கதி இல்லை, சும்மா பேசுகிற மாதிரி ஒரு பாட்டு. வெளியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் ஹீரோ கூடச் சேர்ந்து பாட ஆரம்பிக்க, அவள் அலறுவாள்.

அந்த நடிகை பெயர் ஜோயி டெஷனெல். ஆங்கிலத்தில் பெயரை எழுதினால் மிருகக்காட்சி சாலை ஞாபகம் வரும், படிக்கும்போது 'ஜோயி'. சாலிஞ்சர் என்ற எழுத்தாளரின் கதையில் வரும் ஒரு ஆண் பாத்திரத்தின் பெயரை அப்பா அம்மா இவருக்கு வைத்துவிட்டார்கள். '500 டேஸ் ஆஃப் சம்மர்' (2009) பார்த்துவிட்டு ஹாஸ்டலில் பாதிப் பேர் ஒரு வாரம் தாடி வளர்த்துக்கொண்டு திரிந்தோமே, அதில் வரும் சம்மர் இவர்தான். 2011-லிருந்து 2018 வரை ஓடிய 'நியூ கேர்ள்' சீரியலின் ஜெஸ்ஸும் இவர்தான். அந்த சீரியலின் டைட்டில் பாட்டையும் இவரே எழுதிப் பாடினார்.

ஆனால் இவருக்கு இன்னொரு வாழ்க்கை இருக்கிறது என்பது எனக்குப் போன வருஷம்தான் தெரிந்தது. 'ஷீ அண்ட் ஹிம்' என்று இரண்டு பேர் மட்டும் இருக்கும் ஒரு இசைக்குழு. அவள், அவன். அவ்வளவுதான் பெயர். 'அவள்' ஜோயி. 'அவன்' எம். வார்ட் என்ற கிதார்க்காரர், பாடகர்.

கதையைக் கொஞ்சம் பின்னாடியிலிருந்து சொல்கிறேன்.

ஹாலிவுட்டில் நடிகர்கள் ஆல்பம் போடுவது என்றாலே எல்லோரும் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். அதற்குக் காரணமும் உண்டு. 'ஸ்டார் ட்ரெக்' புகழ் வில்லியம் ஷாட்னர் 1968-ல் ஒரு ஆல்பம் போட்டார். பாட்டை வசனம் மாதிரி உணர்ச்சி பொங்கப் பேசியே தீர்த்தார். ஐம்பது வருஷத்துக்கு மேலாகியும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். 1987-ல் புரூஸ் வில்லிஸ் கூட ஒன்று போட்டார். விற்றது என்னவோ உண்மைதான். ஆனால் இன்று அவரை யாரும் பாடகராக நினைத்துப் பார்ப்பதில்லை.

முன்னாடி இப்படி இல்லை. ஜூடி கார்லண்ட், டோரிஸ் டே எல்லாம் நடிப்பு, பாட்டு இரண்டையும் ஒரே மூச்சில் செய்தவர்கள். அப்புறம் அங்கேயும் நம்ம ஊர் பின்னணிப் பாடகி மாதிரி ஆள் வந்தார். 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் (1961) நடாலி வுட்டுக்கும், 'மை ஃபேர் லேடி'யில் (1964) ஆட்ரி ஹெப்பர்னுக்கும் பெரும்பாலும் பாடியது மார்னி நிக்சன் என்ற ஒரே பெண்மணி. படத்தின் டைட்டிலில் அவர் பெயர் வரவில்லை. நடிக்கிறவர் நடிக்கட்டும், பாடுகிறவர் பாடட்டும் என்று கோடு போட்டாயிற்று. கோட்டைத் தாண்டினால், 'உனக்கெதுக்கு இந்த வேலை?'

ஜோயிக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. சினிமாக் குடும்பம். அப்பா கேலப் டெஷனெல் பெரிய ஒளிப்பதிவாளர், அம்மா நடிகை, அக்கா எமிலி 'போன்ஸ்' சீரியலின் நாயகி. இவர் சின்ன வயசிலிருந்தே பாடிக்கொண்டும், வீட்டிலேயே பாட்டு எழுதி ரெக்கார்ட் செய்துகொண்டும் இருந்தவர். ஆனால் அந்த ரெக்கார்டிங்கை எல்லாம் வெளியே விடவில்லை. வருஷக்கணக்கில் கம்ப்யூட்டரிலேயே கிடந்தன. படத்தில் அடுத்தவர் பாட்டைப் பாடச் சொன்னால் பாடிவிடுவார். சொந்தப் பாட்டைக் காட்டத்தான் கூச்சம்.

'தி கோ-கெட்டர்' என்ற சின்ன படம் (2007). அதில் ஜோயி நடித்தார், எம். வார்டின் இசை அதில் இருந்தது. படத்தின் கடைசியில் பெயர்கள் ஓடும்போது வைக்க, ரிச்சர்ட் - லிண்டா தாம்ப்சன் ஜோடியின் பழைய பாட்டு ஒன்றை இவர்கள் இரண்டு பேரையும் பாட வைத்தார் டைரக்டர் மார்ட்டின் ஹைன்ஸ். அப்படித்தான் பழக்கம். இந்த வார்ட் ஒரு தனி ரகம். ஊரே கம்ப்யூட்டரில் பாட்டு செய்துகொண்டிருந்த காலத்தில் நாலு டிராக் டேப் ரெக்கார்டரைக் கட்டிக்கொண்டு அழுதவர். அவருடைய ஆல்பங்களைக் கேட்டால் தாத்தா வீட்டுப் பரணிலிருந்து எடுத்து, தூசி தட்டிப் போட்ட ரெக்கார்டு மாதிரியே இருக்கும்.

பேச்சுவாக்கில், நீங்கள் ஏதாவது எழுதுவீர்களா என்ற பேச்சு வந்தது. ஜோயி தயங்கித் தயங்கித் தன் பாட்டுகளை மெயிலில் அனுப்பி வைத்தார். கேட்டுவிட்டு வார்ட், இதை முறையாக ரெக்கார்ட் செய்யலாம் என்றார்.

'வால்யூம் ஒன்' என்ற பெயரில் 2008 மார்ச்சில் ஆல்பம் வந்தது. வெளியிட்டது மெர்ஜ் ரெக்கார்ட்ஸ். பெரிய கம்பெனி இல்லை. சூப்பர்சங்க் என்ற ராக் குழுவில் இருந்த இரண்டு பேர் 1989-ல் வட கரோலினாவில் ஆரம்பித்த இண்டி லேபிள். ஆர்கேட் ஃபயர் குழுவின் முதல் ஆல்பத்தை வெளியிட்டவர்கள் என்றால் சிலருக்குப் புரியும். ஒரு ஹாலிவுட் நடிகைக்குப் பெரிய கம்பெனி கிடைக்காமலா போகும்? ஆல்பம் அட்டையிலும் நடிகையின் பெயரைப் பெரிசாகப் போட்டு வியாபாரம் பண்ணவில்லை. அவள், அவன். அவ்வளவுதான்.

மூன்று பழைய பாட்டுகளைத் தவிர மீதி எல்லாம் ஜோயி எழுதியவை. அதில் ஒன்று மட்டும் நடிகர் ஜேசன் ஷ்வார்ட்ஸ்மனுடன் சேர்ந்து எழுதியது. அந்த வருஷக் கடைசியில் 'பேஸ்ட்' பத்திரிகை 2008-ன் சிறந்த ஆல்பங்கள் பட்டியல் போட்டது. முதலிடம் 'வால்யூம் ஒன்'னுக்கு! நடிகை ஆல்பம் என்று சிரிக்கத் தயாராக இருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். 2010-ல் வந்த 'வால்யூம் டூ' பில்போர்டு 200 பட்டியலில் முதல் வாரமே 6-வது இடம். இது ஆச்சரியம் இல்லையா?

சரி, அப்படி என்னதான் இருக்கிறது அந்தப் பாட்டுகளில்?

முதல்முறை கேட்டபோது 1963-ல் வந்த ஏதோ பாட்டு என்றுதான் நினைத்தேன். காரணம் இல்லாமல் இல்லை. அறுபதுகளில் அமெரிக்காவில் 'கேர்ள் குரூப்' என்று ஒரு அலை அடித்தது. ரொனெட்ஸ், ஷிரெல்ஸ், ஷாங்ரி-லாஸ் என்று மூன்று நாலு பெண்கள் சேர்ந்து பாடுகிற குழுக்கள். பில் ஸ்பெக்டர் என்ற தயாரிப்பாளர் லாஸ் ஏஞ்சல்ஸில் கோல்ட் ஸ்டார் என்ற ஸ்டுடியோவில் ஒரு கூட்டத்தையே அடைப்பார். ஒரே இசையை மூன்று நாலு கிதார், இரண்டு மூன்று பியானோ சேர்ந்து ஒரே நேரத்தில் வாசிக்கும். அந்தச் சத்தத்தை எதிரொலி அறைக்குள் அனுப்பித் திரும்பப் பிடிப்பார்கள். எது கிதார், எது பியானோ என்று பிரிக்க முடியாமல் ஒரு பெரிய சுவர் மாதிரி வந்து நிற்கும். அதனால்தான் அதற்குப் பெயரே 'வால் ஆஃப் சவுண்ட்'. கார் ரேடியோவின் குட்டி ஸ்பீக்கரில் கேட்டாலும் கணீரென்று இருக்க வேண்டும், அதுதான் கணக்கு.

ஷீ அண்ட் ஹிம் பாட்டுகளில் இந்த வாசனை எல்லாம் இருக்கிறது. எதிரொலி இருக்கிறது, கைதட்டல் இருக்கிறது, வயலின்கள் இருக்கின்றன, பின்னால் 'ஊ... ஆ...' என்று பாடும் தோழிகள் கூட்டம் இருக்கிறது. அப்புறம் கொஞ்சம் பழைய கன்ட்ரி இசையும். ஆனால் ஒரு வித்தியாசம். பெரும்பாலும் அந்தத் தோழிகள் கூட்டமே கிடையாது! ஜோயியே திரும்பத் திரும்பப் பாடித் தன் குரல் மேலேயே தன் குரலை அடுக்கியிருக்கிறார். இது எனக்குத் தெரிய வர ஒரு மாசம் ஆயிற்று. இணையத்தில் எங்கேயோ படித்துத்தான் தெரிந்துகொண்டேன். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

இன்னொரு வித்தியாசம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தக் கால கேர்ள் குரூப்களில் பெண்களுக்குச் சொந்தமாக இருந்தது பெரும்பாலும் குரல் மட்டும்தான். பாட்டு எழுதியது வேறு ஆள், முடிவெடுத்தது தயாரிப்பாளர், ரெக்கார்டு சொந்தம் கம்பெனிக்கு. கரோல் கிங் மாதிரி எழுதிய பெண்கள் இருந்தார்கள், ஆனால் அவர்கள் அப்போது திரை மறைவில் இருந்தார்கள். ரொனெட்ஸின் முன்னணிப் பாடகி ரோனி, ஸ்பெக்டரையே கல்யாணம் செய்துகொண்டு வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்ததைப் பின்னால் புத்தகமாகவே எழுதினார். ஸ்பெக்டர் ஒரு நடிகையைக் கொன்ற வழக்கில் 2009-ல் தண்டனை பெற்று, 2021-ல் கைதியாகவே செத்துப்போனார். அவ்வளவு இனிப்பான பாட்டுகளுக்குப் பின்னால் இவ்வளவு கசப்பு.

ஷீ அண்ட் ஹிம்மில் சத்தம் மட்டும்தான் அதே சத்தம். ஆட்கள் நிற்கும் இடம் மாறிவிட்டது. பாட்டு எழுதியது அவள். தயாரிப்பாளரான அவன் கிதாரோடு ஓரமாக நிற்கிறான். வார்ட் நல்ல பாடகர். ஆனால் இந்த ஆல்பங்களில் அங்கங்கே கொஞ்சம்தான் வாயைத் திறக்கிறார். ரெட்ரோ என்றால் பழசை ஜெராக்ஸ் எடுப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பழசில் எது நல்லதோ அதை எடுத்துக்கொண்டு, எது அநியாயமோ அதை விட்டுவிடலாம் என்பது இதைக் கேட்டபிறகுதான் உறைத்தது.

குறையே இல்லையா? இருக்கிறது. எல்லா ஆல்பமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். 'வால்யூம் 3' (2013) வந்தபோது புதுசாக என்ன என்று கேட்கத் தோன்றுகிறது. கிறிஸ்துமஸ் ஆல்பம் ஒன்றல்ல, இரண்டு போட்டார்கள் (2011, 2016). ஒன்றோடு நிறுத்தியிருக்கலாம் :-) ஜோயியின் குரலும் பிரமாதமான குரல் என்று சொல்ல மாட்டேன். பெரிய உச்சத்துக்கெல்லாம் போகாது. ஆனால் நம்ம வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருக்கும். எனக்கு அது போதும்.

ரூமில் இதைச் சொன்னபோது ஒரு நண்பன் மடக்கினான். "அப்பா பெரிய கேமராமேன், இவ ஹீரோயின், காசு இருக்கு. ஆல்பம் ஓடலேன்னா என்ன போச்சு? இதுல என்னடா தைரியம்?"

நியாயமான கேள்வி. நானும் யோசித்தேன். அதே 2008-ல், இரண்டே மாசம் கழித்து, ஸ்கார்லெட் ஜோஹான்சனும் ஒரு ஆல்பம் போட்டார். ஜோயியை விடப் பல மடங்கு பெரிய நட்சத்திரம். ஒரு பாட்டைத் தவிர மீதி எல்லாம் டாம் வெய்ட்ஸ் பாட்டுகள். கூடப் பாடியவர் சாட்சாத் டேவிட் போவி! இருந்தும் விமர்சகர்கள் இரண்டு பட்டார்கள், பெரிசாக எடுபடவில்லை. ஆக, காசும் பேரும் இருந்தால் ஆல்பம் போட முடியும், ஆனால் கேட்க வைக்க முடியாது. ஜோயிக்கு இருந்த வசதி நம்மில் யாருக்கும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பாட்டுகளை வருஷக்கணக்கில் ஒளித்து வைத்தாரே, அந்தக் கூச்சத்துக்குக் காசு மருந்து இல்லை. எல்லா வசதியும் இருந்தவருக்கே, நம்பி அனுப்ப ஒரு ஆள் தேவைப்பட்டது.

இதுதான் எனக்கு உறுத்தியது. இந்தக் கதையில் ஜோயியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நான் வார்டைப் பற்றி யோசிக்கிறேன். முதல் ஆளாகக் கேட்டவர் அவர். அந்த மெயிலைப் பார்த்துவிட்டு, "நடிகைக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று ஒரு சிரிப்பு சிரித்திருந்தால்? நாலு நண்பர்களுக்கு அதை அனுப்பிக் கிண்டல் அடித்திருந்தால்? ஆல்பம் கிடையாது. பாட்டெல்லாம் கம்ப்யூட்டரிலேயே செத்திருக்கும். நமக்குத் தெரியக்கூடத் தெரியாது.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

எங்கள் ஹாஸ்டலில் ஒருத்தன் இருக்கிறான். மெக்கானிக்கல். பெயர் வேண்டாம், என் வகுப்பில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஃபர்ஸ்ட் இயரில் காலை ஐந்து மணிக்கே எழுந்து, பக்கெட்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போவான். அந்த நேரத்தில் தண்ணீர் நன்றாக வரும், கூட்டமும் இருக்காது. குளியலறைக்குள் போனதும் பாட ஆரம்பித்துவிடுவான். பி.பி.ஸ்ரீனிவாஸ் காலத்துப் பாட்டுகள். சில சமயம் எங்கேயும் கேட்டிராத பாட்டுகள். மெட்டு பழசு மாதிரியே இருக்கும், ஆனால் எந்தப் படம் என்று யாருக்கும் தெரியாது. குளியலறைச் சுவரில் பட்டு அந்தக் குரல் வராந்தா முழுக்க வரும். (கோல்ட் ஸ்டார் எதிரொலி அறையைப் பற்றிப் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அதுதான்.) நாங்கள் அவனுக்கு 'சிலோன் ரேடியோ' என்று பெயர் வைத்தோம்.

அந்த வருஷம் கல்ச்சுரல்ஸில் அவன் பெயர் கொடுத்தான். சொந்தமாக எழுதி மெட்டுப் போட்ட பாட்டு என்று மேடையில் சொன்னான். அப்போதுதான் புரிந்தது, எந்தப் படம் என்று தெரியாத அந்தப் பாட்டுகள் எல்லாம் அவனுடையவை. யாரிடமோ கடன் வாங்கிய கிதார். கை நடுங்கியது பின் வரிசைவரை தெரிந்தது. பல்லவி முடிந்து ஒரு சின்ன இடைவெளி விட்டான். அந்த இடைவெளியில் பின் வரிசையிலிருந்து ஒரு குரல், அந்தக் கால ரேடியோ அறிவிப்பாளர் மாதிரியே, "நேயர் விருப்பம்... தொடர்கிறது..." என்றது. ஆடிட்டோரியமே சிரித்தது. அப்புறம் ஓ... என்று ஊளை. அவனும் சிரித்தான். முதல் சரணத்தோடு நிறுத்திக்கொண்டு, "தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டான்.

அந்தக் குரல் என்னுடையது.

அன்றைக்கு எனக்குப் பெருமை வேறு. ஒரு வாரம் மெஸ்ஸில் எல்லோரும் என்னைப் பேசச் சொல்லிக் கேட்டார்கள். வராந்தாவில் காலை ஐந்து மணிக்குச் சத்தம் நின்றுவிட்டதை நான் எப்போது கவனித்தேன் தெரியுமா? செகண்ட் இயர் பாதியில். அவன் இப்போதும் ஐந்து மணிக்குத்தான் குளிக்கிறான். தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் வரும்.

இரண்டு வாரம் முன்னாடி ரூமில் 'வால்யூம் டூ' ஓடிக்கொண்டிருந்தது. அயர்ன் பாக்ஸ் கேட்டு அவன் வந்தான். கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போகாமல் வாசலிலேயே நின்றான். ஒரு பாட்டு முடிகிறவரை நின்று கேட்டுவிட்டு, "பின்னாடி கோரஸ் பாடுறதும் அதே பொண்ணுதானே மச்சான்?" என்றான்.

நான் ஒரு மாசம் படித்துத் தெரிந்துகொண்டதை அவன் ஒரே பாட்டில் காதால் கண்டுபிடித்துவிட்டான்.

"ஆமாடா, எப்படித் தெரிஞ்சுது?" என்றேன். "மூச்சு எடுக்கற விதம் ஒண்ணா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். மன்னிப்பு கேட்க நல்ல சமயம். வாய் வரவில்லை. மேடையில் நூறு பேர் முன்னால் வந்த வாய், ரூமில் ஒருத்தன் முன்னால் வரவில்லை.

எல்லோருக்கும் கேட்கும்படி செய்த தப்பை எல்லோருக்கும் கேட்கும்படிதான் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நம் வகுப்பில் பாதிப் பேர் இதைப் படிக்கிறீர்கள், அவனும் படிப்பான் என்று தெரியும்.

ஷீ அண்ட் ஹிம் 2022-ல் கடைசியாக ஒரு நல்ல காரியம் செய்தார்கள். பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சன் பாட்டுகளை மட்டும் வைத்து 'மெல்ட் அவே' என்று ஒரு ஆல்பம். அறுபதுகளின் அந்தச் சத்தத்தை உச்சத்துக்குக் கொண்டுபோன மேதைகளில் ஒருவர் அவர். அதில் ஒரு பாட்டில் எண்பது வயசு பிரையனே வந்து அவர்களோடு பாடினார். 2025-ல் அவர் காலமாகிவிட்டார். குளியலறைக் காட்சியில் பாடிய பொண்ணு, வீட்டுக்குள் ஒளித்து வைத்த பாட்டை ஒருத்தரிடம் காட்டியதில் தொடங்கிப் போய்ச் சேர்ந்த இடம் அது.

மச்சான், நீ அந்த அளவுக்குப் போக வேண்டும் என்றெல்லாம் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. அந்தப் பாட்டின் இரண்டாவது சரணம் என்ன என்று எனக்குத் தெரியாது. நான் கேட்க விடவில்லை. அது மட்டும் தெரிந்தால் போதும்.

நாளையிலிருந்து அலாரம் ஐந்து மணிக்கு வைத்திருக்கிறேன். வாயைத் திறக்க மாட்டேன், சத்தியம்.

டிஸ்கி: அயர்ன் பாக்ஸை இன்னும் திருப்பித் தரவில்லை. பரவாயில்லை, நீயே வைத்துக்கொள்.